தொண்டி ஜெராக்ஸ் கடை: பேராசிரியர்கள் நம்பிப் போகலாம்

பணி உயர்வு விண்ணப்பத்துக்கான சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஸ்பைரல் பைண்டிங் போட, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள இந்தக் கடைக்குத்தான் போகிறேன். கடைக்கார அண்ணனுக்கு எங்கள் படிவம் மனப்பாடம். "கட்டுரை முதல்ல சார், கருத்தரங்குச் சான்றிதழ் அப்புறம்" என்று அவரே பிரித்து அடுக்கிவிடுவார். உப்புக்காற்றில் பழுத்த தாளைக்கூடத் தெளிவாக எடுத்துத் தருகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2010-ல் கல்லூரி ஆசிரியர்களின் பணி உயர்வுக்கு, கட்டுரை, கருத்தரங்கு போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. 2018-ல் அதைத் தளர்த்தியது. ஆனாலும் எங்களுக்குக் காகிதம் குறையவில்லை. பாக் விரிகுடாவில் மாணவர்களோடு கடல்புல் பார்க்கப் போனாலும் புகைப்படம், வருகைப்பட்டியல், கல்லூரி முதல்வர் கையெழுத்து எல்லாம் வேண்டும். பாடம் நடத்துகிறவர்களைக் கேட்டு விதி எழுதியிருந்தால், அந்த நேரம் வகுப்புக்குக் கிடைத்திருக்கும்.

தேர்வு சமயத்தில் கடையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.