குழந்தைக்கு 24 மணி நேர டாக்டர் என்று விற்கும் செயலியில் பணம் கட்டிவிடாதீர்கள்

அரை மாதச் சம்பளம். குழந்தைகளுக்கான மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்றுக்கு, ஒரு வருடச் சந்தா என்று மொத்தமாகக் கட்டினேன். எந்த நேரமும் குழந்தை மருத்துவர் வீடியோவில் பார்ப்பார் என்று சொல்லித்தான் விற்றார்கள். போனில் பேசிய பெண் அவ்வளவு பொறுமை. மகளின் எடை, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "இனிமே ராத்திரியில பதறாதீங்க சார், நாங்க இருக்கோம்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் பணத்தை அனுப்பினேன்.

மகளுக்கு ஒன்றேகால் வயது. சளி, இருமல், காய்ச்சல் என்று ஆரம்பித்து, இரவில் மூச்சு வேகமானது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. அதை அப்படியே வீடியோ எடுத்து அனுப்பினேன். டாக்டர் வரவே இல்லை. "சாதாரணச் சளிதான், நீராகாரம் கொடுங்கள்" என்று ஒரு வரி வந்தது. அனுப்பிய வீடியோ இன்றுவரை 'பார்க்கப்படவில்லை' என்றே காட்டுகிறது!

மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். ஐம்பதைத் தாண்டியது. நிமோனியா. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது தேறி வருகிறாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதலில் "புகார் பதிவாகிவிட்டது". அப்புறம் "வேறு பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்". கடைசியில், "எங்கள் சேவை தகவலுக்கு மட்டுமே, நோயைக் கண்டறிய அல்ல. சந்தா திரும்பக் கிடைக்காது." விற்கும்போது டாக்டர், கேள்வி கேட்டால் தகவலா? அந்தப் பொறுமைசாலி இப்போது போனையே எடுப்பதில்லை. அரை மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு இந்தப் பேச்சு!

எல்லாவற்றையும் விரிவாக எழுத இப்போது நிதானம் இல்லை. இதை மட்டும் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் 5 வயதுவரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலும், எதையும் குடிக்க முடியாமல் போனாலும், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும், வலிப்பு வந்தாலும் எந்தப் பதிலுக்கும் காத்திருக்காதீர்கள். 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே அவசரம்தான்.

பணம் கட்டும் முன் டாக்டரின் முழுப்பெயரும் பதிவு எண்ணும் கேளுங்கள். தர மறுத்தால் போனை வைத்துவிடுங்கள்.