ஒத்த பிளக்கும் ஒரு வேனும்: டெல்டா வெயில்ல எந்த ஏசி ஓடும்?

எங்ககிட்ட இருக்கறது ஒரு பழைய ஸ்கூல் வேன், சீட்டெல்லாம் கழட்டி ரெண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்படி போட்டு வீடாக்கி வச்சிருக்கோம். ராத்திரி நிறுத்துறது திருவையாத்துல சித்தி வீட்டு வாசல், மாயவரத்துல அத்தை வீட்டு கொல்லை, இல்லன்னா ஏதாவது கல்யாண மண்டபத்து ஓரம். அங்கல்லாம் நமக்கு கிடைக்கறது ஒரே ஒரு பிளக்குதான், அது 16 ஆம்பியர் பவர் பிளக்கா சாதா 5 ஆம்பியரான்னு பாத்துட்டுதான் அன்னைக்கி தூக்கம் உண்டா இல்லையான்னே சொல்ல முடியும்.

அமெரிக்காக்காரன் வேன் வீடியோ பாத்து குழம்பிக்காதீங்க. அவன் 30 ஆம்பியர் பிளக்குன்னு சொல்றது 120 வோல்ட்டுல, அதாவது 3600 வாட்டு. நம்ம பவர் பிளக்குல 16 ஆம்பியர், 230 வோல்ட், 3680 வாட்டு, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா அந்த 230 நம்ம ஊர்ல சாயங்காலம் வரணுமே, அங்கதான் சிக்கல்.

மொதல்ல வேன் பின்னாடி 1.5 டன் சாதா விண்டோ ஏசி மாட்டியிருந்தோம், கம்ப்ரசர் வேகத்த தானா கூட்டி குறைக்கற இன்வெர்ட்டர் வகை கிடையாது. ஓட ஆரம்பிச்சா 1700 வாட்டு பக்கம், அது பரவால்ல, ஸ்டார்ட் ஆகுறப்ப ஒரு கணம் அதுல நாலஞ்சு மடங்கு கரண்ட இழுக்கும். போன கத்திரியில சித்தி வீட்டுல மீட்டர் வச்சா 178 வோல்ட்டு. கம்ப்ரசர் 'உம்ம்ம்'னு முக்கும், டக்குனு நின்னுரும், மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி முக்கும், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள்ள டியூப்லைட்டு கண் சிமிட்டும். ஸ்டார்ட் ஆகுறப்ப கரண்ட மெதுவா ஏத்தி விடுற சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடுன்னாங்க, போட்டா அந்த மொத உதை நல்லாவே குறையும், ஆனா ஓடுறப்ப வாங்குற கரண்ட் அப்படியேதான் இருக்கும், அதனால 5 ஆம்பியர் பிளக்குக்கு இதால ஒரு புண்ணியமும் இல்ல.

இதுல இன்னொரு கூத்து. 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயர், பாதிய ரீல்லயே சுத்தி விட்டுட்டேன். அத்தான் கைய வச்சு பாத்துட்டு, "டேய் தம்பி, என்னடா இது இட்லிப்பானை மாதிரி கொதிக்குது"ன்னாங்க. அப்புறமா கணக்கு போட்டா அந்த நீளத்துல 9 ஆம்பியர் போறப்ப 6, 7 வோல்ட்டு ஒயருக்குள்ளயே காலி, 60 வாட்டு சூடு, அதாவது ஒரு குண்டு பல்பு ஒயர்ல எரியுற மாதிரி. இப்ப 4 ஸ்கொயர் ஒயர், எவ்வளவு தூரமானாலும் முழுசா பிரிச்சுதான் போடுறது.

இப்ப மாட்டியிருக்கறது 1 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். மெதுவா ஸ்டார்ட் ஆகி மெதுவா ஏறும், உதையே கிடையாது. ஆனா நான் இத எடுத்ததுக்கு காரணம் ரிமோட்ல 40, 60, 80 சதவீதம்னு கட்டுப்படுத்துற மோடு இருக்குல்ல, அதுதான். இன்வெர்ட்டர் ஏசி வோல்ட்டேஜ் குறைஞ்சா அதே வேலைக்கு ஆம்பியர ஏத்தி வாங்கும், முழு வேகத்துல 180 வோல்ட்டுன்னா 6 ஆம்பியர் கிட்ட போயிரும், சாதா பிளக்குக்கு அது ரிஸ்க். 60ல வச்சா ஒயர கவ்வி கரண்ட அளக்கற கிளாம்ப் மீட்டர்ல 3 ஆம்பியர் சுத்திதான் காட்டுது, சித்தி வீட்டு டியூப்லைட்டும் நிம்மதியா எரியுது. குளிர் ஜில்லுன்னு இருக்காதுதான், வேன மாமரத்து நிழல்ல போட்டு கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சுட்டா தூங்கற அளவுக்கு போதும்.

குறையும் இருக்கு. ரோட்டு குலுக்கல்ல பைப்பு நட்டு லூசாகி ஒரு தடவை கேஸ் மொத்தமும் போயிருச்சு, தரங்கம்பாடி வேளாங்கண்ணி பக்கம் அடிக்கடி போனா உப்புக்காத்து அவுட்டோர் தகட்ட அரிச்சுரும். இதுக்கு பதிலா கூரைமேல வைக்கிற ரூஃப்டாப் ஏசி போடலாமேன்னு கேப்பாங்க, குலுக்கலுக்கு அது நல்லதுதான், ஆனா நம்ம கிராமத்து சந்துல தொங்குற சர்வீஸ் ஒயரையும் தென்னமட்டையையும் நெனச்சுக்கோங்க.

ஏர் கூலர் டெல்டால வேஸ்ட்டு, ஏற்கனவே பிசுபிசுன்னு இருக்குற காத்துல இன்னும் ஈரத்த ஏத்தி விடும். ஜெனரேட்டர் மண்டபத்து ஓரத்துல ஓகே, தெருவுல ராத்திரி ஓட்டினா பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா விடமாட்டாங்க, அதோட அந்த புகை ஜன்னல் வழியா உள்ள வந்தா உயிருக்கே ஆபத்து.

லாரிக்காரங்க வண்டிய நிறுத்திட்டு பேட்டரில ஓட்டுற 24 வோல்ட் பார்க்கிங் ஏசிதான் இப்ப என் கண்ண உறுத்துது. 24 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரில 5 யூனிட் நிக்கும், 600 வாட்டு சராசரின்னா எட்டு மணி நேரம். பகல் முழுக்க சாதா பிளக்குல 4 ஆம்பியர்ல மெதுவா சார்ஜ் ஏத்திக்கிட்டு ராத்திரி பிளக்க கழட்டிறலாம், வோல்ட்டேஜ் பத்தி கவலையே இல்ல. விலைதான் கைய கட்டுது.

எதுவா இருந்தாலும் சொருகறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஏசில ஒரு லீக்கேஜ் வந்தா வேன் பாடியே ஷாக் அடிக்கும், வெறுங்காலோட ஈரத்தரையில நிக்கிற பசங்கதான் மொதல்ல தொடும். எர்த் இல்லாத வீட்டுல நான் ஏசியே போடுறதில்ல, கதவ தொறந்து வச்சுட்டு கொசுவலைதான்.