மிக்கி மேன்டில்: 1951 போமனா, 1952 டாப்ஸா?

அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்ட சேகரிப்புக் கார்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 311-ஆம் எண் கார்டுதான். 2022 ஆகஸ்டில் அதன் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அது அவருடைய முதல் கார்டு இல்லை. 1951-லேயே போமன் நிறுவனம் 253-ஆம் எண்ணில் அவரை அச்சிட்டுவிட்டது. என்னைக் கேட்டால், மேன்டிலின் ஆட்டத்தை நேசிப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தப் போமனைத்தான்.

காரணம், 1951 அவர் வாழ்க்கையில் எப்படிப்பட்ட வருடம் என்பதுதான். ஓக்லஹோமாவின் சுரங்கப் பகுதியிலிருந்து நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்த 19 வயதுப் பையன். சுரங்கத் தொழிலாளியான அப்பா சிறுவயதிலேயே இரண்டு பக்கமும் நின்று அடிக்கப் பழக்கியிருந்தார். சீசன் நடுவில் ஆட்டம் தடுமாறியது. கான்சாஸ் சிட்டியில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது 6-ஆம் எண் சட்டை போய் 7 கிடைத்தது. அந்த அக்டோபரில், பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டம். எதிரணியின் வில்லி மேஸ் அடித்த பந்தைப் பிடிக்க ஓடியவர், சக வீரர் டிமாஜியோவுக்கு வழிவிட்டு நின்றபோது மைதானத்து வடிகால் மூடியில் கால் மாட்டி, வலது முழங்கால் பிசகியது. அவருடைய 536 ஹோம் ரன்களில் (மைதான எல்லையைத் தாண்டும் அடிகள்) 523, 1956-இன் டிரிபிள் கிரவுன் (பேட்டிங்கின் மூன்று முக்கியப் பட்டியல்களிலும் ஒரே சீசனில் முதலிடம்), மூன்று எம்விபி (மிகச் சிறந்த வீரர்) விருதுகள் எல்லாம் அந்தக் காயத்துக்குப் பிறகு வந்தவை. காயம்படாத முழங்காலோடு இருந்த அந்த மேன்டில்தான் போமன் கார்டில் இருக்கிறார்.

சரி, பார்வைக்கு எது அழகு? இதில் டாப்ஸுக்கே என் ஓட்டு. போமன் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கார்டு, ஓவியமாக வரைந்தது. டாப்ஸ் நன்றாகப் பெரியது: அடர் நீலப் பின்னணி, தோளில் மஞ்சள் மட்டை, மேல்நோக்கிய பார்வை, கீழே பெயர்ப் பெட்டியில் கையெழுத்தின் நகல். புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் டாப்ஸ் ஊழியர் சை பெர்கர் உருவாக்கிய வடிவம் அது. பிறகு வந்த பேஸ்பால் கார்டுகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

டாப்ஸின் விலைக்கு எல்லோரும் சொல்லும் காரணம், அது அரிது என்பது. அது பாதிதான் சரி. மேன்டில் கார்டு இருந்த கடைசி வரிசைக் கார்டுகள் தாமதமாகக் கடைக்கு வந்தன. பையன்களின் கவனம் அதற்குள் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. விற்காமல் தேங்கிய பெட்டிகளைப் பல வருடம் கழித்துப் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டினார் பெர்கர். உண்மைதான். ஆனால் அந்த வரிசையின் அச்சுத் தாளில் மேன்டில் இரண்டு முறை இடம்பெற்றவர். அதாவது, அதே வரிசையின் பெரும்பாலான வீரர்களைவிட அவர் கார்டுகள்தான் அதிகம் அச்சாயின. கோடிகளைத் தருவது எண்ணிக்கைக் குறைவு மட்டும் இல்லை. அந்தப் படமும், கடலில் கொட்டிய கதையும், மேன்டில் என்ற பெயரும் சேர்ந்துதான். (கார்டு எண்ணைப் போலவே 1952-இல் அவருடைய பேட்டிங் சராசரியும் .311 என்பது தற்செயல். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.)

வாங்குவதென்றால், மூலை மழுங்கி மடிப்பு விழுந்த டாப்ஸ்கூட பல்லாயிரம் டாலர் கேட்கும். அதே நிலையில் உள்ள போமன் அதைவிட வெகு குறைந்த விலைக்குக் கிடைக்கும். 1952 டாப்ஸை யாராவது மலிவாகக் காட்டினால் முதலில் அளவுகோலை எடுங்கள். அசல் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1983-இல் டாப்ஸே மறுஅச்சு வெளியிட்டது. அது 2½ க்கு 3½. அப்புறம், எந்தக் கார்டானாலும் ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிபுணர்கள் சோதித்து மூடிக் கொடுத்த தரச்சான்று உறையில் இல்லாத மேன்டில் கார்டுக்குப் பெரிய பணம் கொடுக்காதீர்கள்.