1966 மஸ்டாங், 2018 மஸ்டாங்: மூன்று மாலை ஓட்டிப் பார்த்த பிறகு

மிச்சிகனில் ராயல் ஓக்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1966 ஃபோர்டு மஸ்டாங் வைத்திருக்கிறார். 289 கன அங்குல வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். என்னிடம் இருப்பது 2018 மஸ்டாங் ஜிடி. ஆகஸ்டில் வுட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்கள் அணிவகுக்கும் வாரத்தில் அவரே சாவியை நீட்டினார். மூன்று மாலை ஓட்டினேன்.

பழையதில் ஆக்சிலரேட்டரை ஒரு தடவை முழுக்க மிதித்து விட்டால்தான், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) விழும். அப்புறம்தான் சாவி. உடனே பெட்ரோல் வாசனை வண்டிக்குள் வரும். ஸ்டியரிங்கில் நடுவில் கொஞ்சம் ஆட்டம் உண்டு. நான்கு சக்கரத்திலும் மெல்லப் பிடிக்கும் பழைய டிரம் பிரேக் என்பதால் சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை வைத்துவிட வேண்டும். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை ஆக்சிலும் (அச்சு), தகடு தகடாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் முதுகுக்கே தெரியும். ஆனால் 40 மைல் வேகத்திலேயே கையும் காலும் காதும் வேலை செய்கின்றன. அந்தச் சந்தோஷம் எனக்கு வேறு எந்த வண்டியிலும் கிடைத்ததில்லை.

என் ஜிடி 460 குதிரைத் திறன். மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட ஏறக்குறைய 4 விநாடி. பழையதுக்கு 1966-இல் சொன்ன 200 குதிரைத் திறன் என்பது எஞ்சினைத் தனியாக வைத்து அளந்த கணக்கு, சக்கரத்துக்கு வருவது அதைவிடக் குறைவு. எடையிலும் பழையது சுமார் 400 கிலோ இளைத்தது. புதியதில் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும், வளைவில் அப்படியே ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் 40 மைலில் அது தூங்குகிறது. அதன் குணத்தைப் பார்க்க ரேஸ் டிராக்குக்குத்தான் போக வேண்டும்.

பின்னால் நின்று பார்த்தால் மூன்று கோடு விளக்கு இரண்டிலும் உண்டு. நடுவில் உள்ள வட்டம் பழையதில் நிஜமான பெட்ரோல் மூடி, என்னுடையதில் வெறும் சின்னம்.

பாதுகாப்பில் மட்டும் ஒப்பிடவே முடியாது. பழையதில் இடுப்பு பெல்ட்தான், தலைக்குப் பின்னால் தாங்கல் கிடையாது. பெட்ரோல் டாங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பிரேக் ஆயில் ஒரு குழாயில் ஒழுகினாலும் நான்கு பிரேக்கும் போய்விடும், இந்த பிரேக் அமைப்பை 1967 மாடலில்தான் இரண்டாகப் பிரித்தார்கள். பெரியவர் எத்தனை தடவை கூப்பிட்டும் என் மகளை அதில் ஏற்ற மனம் வரவில்லை.

பழைய மஸ்டாங் வாங்க நினைப்பவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். முன் கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காக விட்டிருக்கும் துளைகளில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தரை நனைந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது பெரிய வெட்டு, வெல்டிங் வேலை. மற்ற பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், கதவுக் கைப்பிடி முதல் சீட் துணி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கடைசி நாள் அவரிடம் கேட்டுவிட்டு நானும் ஊற்றிப் பார்த்தேன். தரை காய்ந்தே இருந்தது. விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.