காஷ்மீரா, இங்கிலிஷா? கடினப்பந்துக்கு எந்தத் துடுப்பு?

யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் போட்டி முடிந்த கையோடு, பல வீடுகளில் பிள்ளைகள் கடினப்பந்துத் துடுப்பு கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கடையில் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். எஸ்.ஜி., எஸ்.எஸ். போன்ற இந்தியாவின் மீரட் நகரக் கம்பனிகள் காஷ்மீர் வில்லோ, இங்கிலிஷ் வில்லோ என்ற இரண்டு வகை மரத்திலும் துடுப்பு செய்கின்றன. பார்க்க வேண்டியது மரத்தை.

இங்கிலிஷ் வில்லோ வெளிர் நிறம். முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் பக்கத்தில், நேர்கோடுகள் தெளிவாக ஓடும். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், சுத்தியல் தானாகத் துள்ளித் திரும்பும். காஷ்மீர் கொஞ்சம் பழுப்பு, அடர்த்தி கூட, கையில் பாரமாகத் தெரியும், துள்ளலும் குறைவு. ஆனால் விலை எவ்வளவோ மலிவு.

வளரும் பிள்ளைக்குக் காஷ்மீரே போதும் என்பேன். உயரம் கூடக் கூடத் துடுப்பின் அளவும் மாறத்தானே வேணும்? பள்ளி அணியில் நிரந்தர இடம் கிடைத்தபிறகு இங்கிலிஷுக்குப் போகலாம். அப்போதும் முதல் தரம்தான் வேண்டும் என்றில்லை. தரம் பிரிப்பது பெரும்பாலும் தோற்றத்தை வைத்துத்தான். சின்னக் கறை இருந்தால் அடி குறைந்துவிடாது.

சரி, வாங்கியாச்சு. உடனே மைதானத்துக்குக் கொண்டு ஓடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் முகத்தையும் ஓரங்களையும் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்த வேண்டும். மென்மையான இங்கிலிஷ் மரத்துக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் காலடியில் வந்து விழும் முதல் யோர்க்கர் பந்திலேயே அடிநுனி பிளக்கலாம்.