கஞ்சா: மருந்துக்கு அனுமதியா, பொழுதுபோக்குக்கும் அனுமதியா?

திருநெல்வேலி டீக்கடைகளில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் இரண்டும் வேறு.

மருந்து என்றால் அளவு உண்டு. கடும் வலிப்புக்கு 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியால் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். தொடக்க அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், தினம் இருவேளை. 20 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு அரை மில்லிலிட்டர். ஒரு வாரம் கழித்து ஒரு மில்லிலிட்டர். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சேர்ந்தால் கல்லீரல் நொதி ஏறலாம். ஆகவே தொடங்குமுன்னும் பிறகும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். இதில் போதை இல்லை. போதை தருவது கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற இன்னொரு வேதிப்பொருள்.

பொழுதுபோக்கு அனுமதியில் அந்தக் கணக்கைப் பயனரே போட வேண்டும். சிக்கலே அதுதான். தின்பண்டமாகச் சாப்பிட்டால் ஏற 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஆகும். "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொன்று தின்பவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சாராயத்தைப் போல ஊதிப் பார்த்துச் சொல்லவும் முடியாது. போதை தெளிந்து பல நாள் கழித்தும் சிறுநீரில் தடயம் தெரியும். நாகர்கோவில் சாலையில் வண்டியை மறிக்கும் போலீஸ் எதை வைத்து முடிவு செய்வார்?

கனடா 2018-இல் 30 கிராம் வரை கையில் வைத்திருக்க அனுமதித்தது. நம் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலோ ஒரு கிலோவரை 'சிறிய அளவு'. அதற்கும் ஓராண்டுவரை சிறை உண்டு. மருத்துவத் தேவைக்குச் சாகுபடியை மாநில அரசு அனுமதிக்க அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. அதை முதலில் திறப்பதே சரி. வலிப்பில் துடிக்கும் பிள்ளை பொழுதுபோக்கு விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.