ஹோம்ஸ்டே வருமானம்: வீட்டு வாடகையா, வியாபாரமா?

கொடைக்கானலில் சொந்த வீடு. சீசனில் நாள் வாடகைக்கு விடுகிறீர்கள், ஆண்டு வசூல் 6 லட்சம், கடன் இல்லை. இந்த வருமானத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களே இரண்டு கட்சி. 2025-26 நிதியாண்டை வைத்துப் பார்ப்போம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும்; இங்கே பழகிய எண்களையே சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சொத்து வருமானம். 6 லட்சத்தில் கட்டிய சொத்து வரி 12,000 ரூபாயைக் கழித்தால் 5,88,000. அதில் 30 சதவீதம், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், தள்ளுபடி. மீதி 4,11,600 வரிக்கு உட்படும். ஆனால் காவலாளி சம்பளம், சலவை, மின்கட்டணம், முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடங்கியாக வேண்டும். வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் புதிய வரிமுறையில் (வரி விகிதமும் கழிவுகளும் குறைந்த முறை; மேலே சொன்ன புதிய சட்டம் அல்ல) இதனால் வரும் நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது.

அடுத்தது வியாபாரம். 44ஏடி பிரிவின் உத்தேச முறையில் (செலவுக் கணக்கு காட்டாமல், வசூலில் ஒரு பங்கை லாபமாக எடுத்துக்கொள்ளும் முறை), வங்கி வழியாக வந்த வசூலில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 6 லட்சமும் வங்கி வழி என்றால் 36,000 ரூபாய்தான். 4,11,600 எங்கே, 36,000 எங்கே! இதைக் கேட்டதும் பலருக்கும் ஆசை வந்துவிடுகிறது. ஆனால் அந்த 6 சதவீதம் குறைந்தபட்சக் கணக்கு. கையில் 3 லட்சம் நின்றிருக்க 36,000 மட்டும் காட்டிவிட்டு, அடுத்த வருடம் அந்தப் பணத்தில் நிலம் வாங்கினால், 'பணம் எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த இரண்டில் ஒன்றை நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது என்பது என் கருத்து. 2024-ல் 28-ம் பிரிவில் சேர்த்த விளக்கம், குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டு வரும் வருமானம் வியாபாரம் ஆகாது, வீட்டுச் சொத்துதான் என்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் இதிலிருந்து தப்புவது கடினம். காலை உணவு, தினசரி அறை சுத்தம், வேலையாட்கள் என்று விடுதி போலவே நடத்துபவர், 'நான் விற்பது சேவை, வீட்டை வாடகைக்கு விடவில்லை' என்று வாதாடலாம். அதற்கு மளிகை பில், சம்பளப் பதிவு, விருந்தினர் பதிவேடு எல்லாம் கையில் இருக்க வேண்டும். அடுத்தவர் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர் உரிமையாளர் அல்ல, ஆகவே வீட்டுச் சொத்துத் தலைப்பு அவருக்குப் பொருந்தாது.

சம்பளக்காரர்கள் கவனிக்காத சங்கதி ஒன்று. வியாபார வருமானம் இல்லாதவரை பழைய வரிமுறை, புதிய வரிமுறை என்று ஆண்டுதோறும் மாறிக்கொள்ளலாம். வியாபாரம் என்று காட்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் போயிற்று. பழைய முறைக்குப் போய் ஒருமுறை புதியதற்குத் திரும்பினால், வியாபாரம் தொடரும்வரை மறுபடி பழையதற்குப் போக வழியில்லை. 44ஏடியை விட்டு நடுவில் வெளியேறினாலும் 5 ஆண்டுகள் கதவு மூடியிருக்கும். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு 44ஏடி கிடையவே கிடையாது.

எந்தத் தலைப்பானாலும் மறைக்க முடியாதது மொத்த வசூல். தளம் வழியாக ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் 194-ஓ பிரிவில் 0.1 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடிப்பார்கள் (2024 அக்டோபருக்கு முன் 1 சதவீதம்). நம் 6 லட்சத்துக்கு அது வெறும் 600 ரூபாய். ஆனால் கமிஷன் கழிக்காத முழுத் தொகையும், வருமான வரித்துறை உங்கள் வரவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் ஏறிவிடும். வங்கியில் விழுந்த நிகரத் தொகையை மட்டும் ரிட்டர்னில் போட்டால், கணக்கு ஒத்துவராமல் நோட்டீஸ் வரும்.

ஜிஎஸ்டியில் தளம் வழியா, நேரடியா என்பதுதான் வித்தியாசம். ஆண்டு வசூல் 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் பதிவு செய்யாதவர் என்றால், தளம் வழி வரும் முன்பதிவுக்குத் தளமே ஜிஎஸ்டி கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 வரையிலான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. வாட்ஸ்அப்பில் நேரடியாக வருபவரிடம் நீங்கள் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. ஆனால் 20 லட்சக் கணக்கில் இரண்டு வசூலும் சேரும். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்ட வீடு இருந்தால், வரிவிலக்கு பெற்ற அந்த வாடகையும் அதே 20 லட்சத்துக்குள்தான்.